பழுப்பு உறையில் இருந்த பக்கம்

கேளம்பாக்கத்தில் என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. அச்சு இயந்திரத்திலிருந்து இப்போதுதான் வந்தது, தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. இடது பக்கம் வரிசையாகக் கட்டளைகள். வலது பக்கம், ஒவ்வொரு கட்டளையையும் அடிக்க யாருக்கு என்ன அனுமதி வேண்டும் என்ற விவரம். இந்த ஒரு தாளுக்காக இரண்டு நாளாக அவள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வங்கிகள் இன்னும் விடாமல் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு பழைய ரகக் கணினி, பெரிதும் இல்லை சிறிதும் இல்லை, அதில்தான் அவளுக்கு வேலை. "எல்லா கமாண்டுக்கும் பக்கம் பக்கமா விளக்கம் இருக்கும்மா. யாருக்கு என்ன பர்மிஷன் வேணும்னு மட்டும் ஒரு இடத்துலயும் ஒழுங்கா சொல்லல" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். இன்று காலை எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் தாளை மேசையில் போட்டுவிட்டுக் காபி போடப் போனாள்.

சும்மா இருக்க முடியாமல் நான் அதை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டாலும் எனக்குச் சின்ன எழுத்து சரியாகத் தெரியாது. அட்டவணைக்குக் கீழே இருந்த குறிப்பு மட்டும் எப்படியோ தெரிந்தது. மேல்மட்ட அனுமதி உள்ளவர் இந்தக் கட்டளையை அடித்தால், என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்க முடியாமல் தாளைக் கவிழ்த்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். மகள் ஓடி வந்து, "என்னம்மா, சுகர் இறங்கிடுச்சா?" என்று கேட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் திணித்தாள். அந்தச் சர்க்கரையை முழுங்கிக்கொண்டே அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னை அவள் சின்ன வயதில் ஒருமுறை பார்த்ததோடு சரி.

நீ போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். உன் தம்பி போன் பண்ணிச் சொன்னான். நான் கருமாதிக்குக்கூட வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தவரை உன்னிடம் எதையும் நேரத்துக்குச் சொல்லாதவள் நான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி நம் அலுவலகம் இருந்தது. எழுபதுகளின் கடைசி. கடலை அளக்கிற அலுவலகம் என்று ஊரில் சொல்வார்கள், கேலியாகவும் சொல்வார்கள். அலை உயரம், நீரின் சூடு, காற்றின் வேகம் என்று கட்டுக் கட்டாக எண்கள் வரும். அவற்றை வைத்துக் கணக்குப் பார்க்க ஒரு கணினி வாங்கியிருந்தார்கள். பீரோ அளவில் இரண்டு பெட்டிகள், தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒரு மேசை. நாம் அடிக்கிற ஒவ்வொரு வரியும் அதில் காகிதத்தில் விழும், இயந்திரம் சொல்கிற பதிலும் அதிலேயே விழும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நீ வேலைக்கு வந்த முதல் நாள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, "இன்னாமே இது, ஐஸ் பொட்டில மீன வெச்ச மாதிரி நம்மள வெச்சிட்டாங்க" என்றாய். எனக்கு உன்னைப் பிடித்துப் போனது அந்த இடத்தில்தான்.

கொக்கிலமேட்டில் உங்கள் வீடு. அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். செங்கல்பட்டில் வந்து பி.யூ.சி. படித்தாய், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினாய். உங்கள் தெருவில் ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் நீதான். தற்காலிக வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துத் தருவார்கள். நான் நிரந்தரம், உனக்கு ஒரு படி மேல். வயது என்னவோ நம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வேகத்தில் உன் கிட்டேகூட நான் வரமுடியாது. பேச்சு ஒரு பக்கம் ஓடும், கண் ஜன்னலில் இருக்கும், விரல் மட்டும் தப்பே இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கும். "என் கை தப்பு பண்ணாதுமே, வாய்தான் பண்ணும்" என்று பீற்றிக்கொள்வாய்.

வாய் பண்ணியதற்கு ஒன்று சொல்கிறேன். அடித்து முடித்த பழைய தாள்களை நீ வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவாய். உன் அம்மா அதில் நெத்திலி பொட்டலம் கட்டி விற்பார். ஒருநாள் நம் அதிகாரி வீட்டுக்கே அலைக் கணக்கில் சுற்றிய நெத்திலி போய்ச் சேர்ந்தது. மனிதர் பிரித்துப் பார்த்திருக்கிறார், தாளின் கீழே அவருடைய கையெழுத்து. மறுநாள் உன்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் அர்ச்சனை செய்தார். வெளியே வந்து நீ, "மீனு நல்லா இருந்துச்சான்னு கேட்டேன், அதுக்கும் கத்துறாரு" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த இயந்திரத்தில் நம் ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் எண் உண்டு. உனக்கு இரண்டு, எனக்கு மூன்று, அதிகாரிக்கு ஐந்து. அந்த எண்தான் யார் என்ன கட்டளை அடிக்கலாம் என்று முடிவு செய்யும். எந்தக் கட்டளைக்கு எந்த எண் வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கும் என்று இயந்திரத்தைப் பொருத்த வந்த பொறியாளர் சொல்லிவிட்டுப் போனார். தடித் தடியாக ஐந்து தொகுதிகள். முதல் நான்கு நம் அறையில். ஐந்தாவது, அந்த விவரம் இருக்கிற தொகுதி, அதிகாரியின் கண்ணாடி பீரோவில், பூட்டுக்குள்ளே. அவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை, நம்மையும் பார்க்க விட்டதில்லை. காணாமல் போய்விடுமாம்.

அதனால் நாம் ஒரு வழி கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்ன, நீதான் கண்டுபிடித்தாய். "அட்ச்சிப் பாரு. கூடாதுன்னா அதுவே சொல்லும்." அடிப்போம். அனுமதி இல்லையென்றால் காகிதத்தில் "நாட் ஆதரைஸ்டு" என்று விழும். சரி, இது நமக்கு இல்லை என்று விட்டுவிடுவோம். விழவில்லையென்றால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினோம், ஒரு குறையும் வரவில்லை. அது தடுத்துச் சொல்லும் என்கிற நம்பிக்கையில் நம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாத லீவு தீர்ந்து நான் திரும்பி வந்தேன். செங்கல்பட்டில் அம்மா வீட்டில் குழந்தை. புட்டிப்பாலை வாயில் வைத்தால் துப்பிவிடுவாள். காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டு வந்தால் நான் போய்ச் சேரும் வரை அழுகைதான் என்று அம்மா சொல்வாள். அலுவலகப் பஸ் ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்குக் கிளம்பும். அதை விட்டால் ரோட்டில் போய் நின்று, திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸைப் பிடித்து வீடு சேர எட்டு மணியாகும். இயந்திரத்தை முறையாக மூடுகிற வேலை என்னுடையது. அது ஐந்தே முக்காலுக்கு முன்னால் முடியாது.

நாலு மணிக்கே எனக்கு ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையைப் போர்த்திக்கொண்டு, யாரும் பார்க்கக்கூடாதே என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேன். நீ பார்த்துவிட்டாய். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "புள்ள அங்க காஞ்சிக்கினு கீது, நீ இங்க மெசினுக்குத் தாலாட்டு பாடிக்கினு கீற. போமே. எனக்கு வூடு கா மணி நடை. நான் மூடிட்டுப் போறேன்" என்றாய். என்னைப் பெற்றவளுக்குக்கூட அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை, வேலையை விட்டுவிடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் மூடுகிற கட்டளையை நீ அடித்தால் இயந்திரம் ஏற்காது, உன் எண் இரண்டு. எண்ணை மாற்ற அதிகாரியால் மட்டும்தான் முடியும். புதிதாக யாராவது வந்தால் பெயர் சேர்க்கச் சோம்பல்பட்டு, அவர் தன்னுடைய ரகசியச் சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். நான் அவராக உள்ளே நுழைந்து உன் எண்ணை மூன்றாக்கினேன். நீ அடித்துப் பார்த்தாய், நாட் ஆதரைஸ்டு. நான்காக்கினேன். மறுபடியும் அதே. வாசலில் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஓட்டுநர் எனக்காக இரண்டு நிமிஷம்தான் நிற்பார். ஐந்தாக்கினேன். ஏற்றுக்கொண்டது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்ன எண் என்று உனக்கு நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. நாளைக்குக் குறைத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. இரண்டரை மாதம் தினமும் ஐந்து ஐந்துக்குப் பஸ் ஏறி, ஆறேகாலுக்கு என் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு வியாழக்கிழமை மாலை டிஸ்க் நிரம்பிவிட்டது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்படி ஆகும். தன் பழைய கோப்புகளை அழித்து இடம் பண்ணுவதற்கு ஒரு கட்டளை உண்டு, அதை நாம் எத்தனையோ முறை அடித்திருக்கிறோம். அடித்தவருடையது மட்டும் போகும். எல்லோருடையதும் போகவேண்டுமானால் பின்னால் "ஆல்" என்று ஒரு வார்த்தை சேர்க்கவேண்டும், அதைச் சேர்த்தால் நமக்கு இயந்திரம் தடை சொல்லிவிடும். நீ எப்போதும் போல அடித்துவிட்டு, இயந்திரத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாய். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் எல்லோருடைய கோப்பும் காலி. அந்த மழைக்காலத்து அலைக் கணக்கு மொத்தமும் போயிருந்தது. நகல் எடுக்க டேப் வரவில்லை என்று மூன்று மாதமாக நகல் எடுக்கவில்லை. அது யார் தப்பு என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

அதிகாரி காகிதச் சுருளைப் பிரித்தார். ரிப்பன் தேய்ந்து போயிருந்தது. உன் பெயர் தெரிந்தது, நேரம் தெரிந்தது, கட்டளையின் முதல் பாதி தெரிந்தது. வரியின் கடைசியில் ஒன்றும் தெரியவில்லை. "ஆல் சேர்த்து அடிச்சிருக்கே" என்றார். நீ இல்லை என்றாய். மாலையில் நீ ஏன் இருந்தாய், அது அவளுடைய வேலையாச்சே என்று என்னைக் காட்டிக் கேட்டார். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவங்களுக்கு அன்னிக்கு ஒடம்பு முடியல சார். நானாத்தான் இருந்தேன். அவங்களுக்குத் தெரியாது" என்றாய்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் மறுபடியும் அதிகாரியாக உள்ளே நுழைந்தேன். உன் எண்ணை ஐந்திலிருந்து இரண்டாக்கினேன். எழுதவே கை கூசுகிறது. யாராவது பார்த்துவிடுவார்கள் என்கிற பயத்தைத் தவிர எனக்கு அப்போது வேறு ஒன்றும் ஓடவில்லை.

சாயங்காலம் சவுக்குத் தோப்பு ஓரமாக என்னைப் பஸ் வரை கொண்டுவந்து விட்டாய். நீ அழவில்லை. நான்தான் அழுதேன், வெட்கங்கெட்டவள். நீ சொன்னாய்: "அந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கும்மே. யாரு அட்ச்சா இன்னா போவும்னு. எப்டியாவது அத்தப் பாத்துச் சொல்லு. வேல போனா போவுது. நான் தப்பா அட்ச்சனா இல்லியான்னு எனக்குத் தெரியணும்." நான் பார்க்கிறேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

சனிக்கிழமை அரைநாள். அதிகாரி பீரோவைத் திறந்து ஏதோ கோப்பை எடுத்துக்கொண்டு, சாவியை அதிலேயே தொங்கவிட்டுப் பெரிய அதிகாரியைப் பார்க்கப் போய்விட்டார். ஐந்தாம் தொகுதியை எடுத்தேன். கட்டளைகள் அகர வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்படி அடிப்பது என்று நீளமாக எழுதியிருந்தார்கள். யாருக்கு அனுமதி என்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பின்னிணைப்பைப் பார்க்க. பின்னிணைப்பைப் புரட்டினால் ஒரே ஒரு வரி. இந்தப் பகுதி தனியே அனுப்பப்படும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு தொகுதியையும் மறுபடி புரட்டினேன், பீரோவின் மேல் தட்டு, நடுத்தட்டு எல்லாம் பார்த்தேன். கடைசியில் கீழ்த்தட்டில், பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. திருத்தத் தாள்கள், தொகுதியில் செருகிக்கொள்ளவும் என்று மேலே எழுதியிருந்தது. வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒட்டு பிரிக்கவே இல்லை.

பிரித்தேன். நாற்பது ஐம்பது தாள்கள். நடுவில் இருந்தது அந்த அட்டவணை. இடது பக்கம் கட்டளை, வலது பக்கம் எண். நீ அடித்த கட்டளைக்கு நேரே ஒரு சின்ன நட்சத்திரம், கீழே ஒரு குறிப்பு. ஐந்தாம் நிலையில் இருப்பவர் இதை அடித்தால், பின்னால் எந்த வார்த்தையும் சேர்க்காவிட்டாலும், எல்லோருடைய கோப்புகளும் அழியும். அதே பக்கத்தில் மேலே இன்னொன்றும் இருந்தது. இயந்திரத்தை மூடுவதற்கு மூன்று போதும், கூடவே அந்த ஆள் பெயருக்கு ஒரு சிறு தனி அனுமதி தரவேண்டும். பொறியாளர் என் பெயருக்கு அதைத் தந்திருந்தார். இந்தப் பக்கத்தை முன்பே பார்த்திருந்தால் ஒரே நிமிஷத்தில் உனக்கும் தந்திருப்பேன், எண்ணில் கையே வைத்திருக்க மாட்டேன்.

நீ சரியாகத்தான் அடித்திருந்தாய். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அது ஐயமில்லாமல் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இதைக் காட்டினால் அடுத்த கேள்வி, இரண்டில் இருந்தவளை ஐந்தாக்கியது யார் என்பதுதான். ரகசியச் சொல் என் கைப்பையில் இருந்தது. என் கணவருக்கு அப்போது நிரந்தரமாக ஒரு வேலை இல்லை, வீட்டில் கைக்குழந்தை. இதையெல்லாம் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, அந்த நிமிஷம் என்ன ஓடியது என்று மட்டும் சொல்கிறேன். தாளை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். மற்ற தாள்களை உறைக்குள் போட்டு, இருந்த இடத்தில் வைத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வரும்வரை மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை விசாரணை. நம் அதிகாரி கெட்டவர் இல்லை, உனக்கு ஒரு வாய்ப்பு தரவேண்டும் என்றே நினைத்தார். எல்லோர் முன்னாலும் உன்னை இயந்திரத்தின் முன்னே உட்காரவைத்து, வியாழக்கிழமை அடித்த மாதிரியே அடித்துக் காட்டு என்றார். அடித்தாய். அதற்குள் சேர்ந்திருந்த புதுக் கோப்புகளில் உன்னுடையது மட்டும் அழிந்தது. "பார்த்தியாம்மா? இப்படி அடிச்சிருந்தா உன்னோடது மட்டும்தான் போயிருக்கும். ஏதோ சேர்த்துட்டே" என்றார், கோபம்கூட இல்லாமல். சேர்த்து அடித்தால் என்ன ஆகிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் இயந்திரம் தடை சொல்லியிருக்கும், எல்லாம் வெளியே வந்திருக்கும். நான் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். நீ இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாய்: "பொஸ்தகத்துல இன்னா போட்டிருந்துச்சி?"

"கிடைக்கலடி. பீரோ பூரா தேடிட்டேன்" என்றேன்.

"சரி வுடு. நாந்தான் எதையோ சேத்து அட்ச்சிட்டேன் போல" என்றாய். அந்த மாதக் கடைசியில் நீட்டிப்பு வரவில்லை, நீ வீட்டுக்குப் போனாய். நான் முப்பது வருஷம் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன்.

அதற்குப் பிறகு உன்னைப் பார்த்ததெல்லாம் நாலைந்து முறைதான். கடற்கரையில் ஒரு ஓட்டலில் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். முதலில் வரவேற்பில் டெலிபோன், பிறகு படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் எண்ணி எடுத்து வைக்கிற பொறுப்பு. கெட்டிக்காரி, ஏன் உள்ளே போய்த் துணி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. என் மகளுக்குப் பத்து வயது இருக்கும்போது செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் எங்களைப் பார்த்தாய். அவள் கன்னத்தைக் கிள்ளி, "இதுக்காகத்தான் ஓடுவியா? நல்லா வளத்துகீறமே" என்று சிரித்தாய். அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. மகள் பக்கத்தில் நிற்கிறாளே என்று ஒரு சாக்கு கிடைத்தது. எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

போன வருஷக் கடைசியில் உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை செங்கல்பட்டுக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போகிறாய் என்று தெரிந்தது. மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒருநாள் காலை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். மாமல்லபுரத்தில் சிற்பிகள் தெருவுக்குப் பின்னால் உன் வீடு. உளிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லை, உன் தம்பிதான் கதவைத் திறந்தான். பாதியாக இளைத்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "வாமே, கெயவி ஆயிட்ட" என்றாய். தம்பி டீ வாங்கப் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாக்கியதைச் சொன்னேன். மத்தியானத்தில் இரண்டாக்கியதைச் சொன்னேன். பழுப்பு உறையைச் சொன்னேன். தாளை உன் கையில் கொடுத்தேன்.

நீ அதைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாய். தெரியவில்லை.

"படி" என்றாய்.

படித்துத் தமிழில் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி."

இன்னொரு முறை படித்தேன்.

"அப்ப நான் சரியாத்தான் அட்ச்சிருக்கேன்."

"ஆமாம்."

என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்றுகூட ஒரு மூலையில் ஆசை இருந்தது, மறைப்பானேன். நீ இரண்டும் செய்யவில்லை. ஓட்டலில் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சொன்னாய். உனக்குத்தான் முன்பே பழக்கம் என்று முதலாளி முதலில் உன்னைத்தான் கூப்பிட்டாராம். முன்னால் உட்கார்ந்ததும் விரல் நடுங்கியதாம். எதையாவது சேர்த்து அடித்துவிடுவோம் என்று பயந்து, எனக்கு இது வேண்டாம், துணி எண்ணுகிற வேலையே போதும் என்று சொல்லிவிட்டாயாம். தம்பி வீட்டுப் பிள்ளைகள் கணக்குச் சரிபார்க்கக் கொடுத்தால்கூட வாங்க மாட்டாயாம்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய். குரல் உயரவே இல்லை.

"அவங்ககிட்டல்லாம் நீ சொல்லியிருக்க வேணாம்மே. என் காதுல மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல? நான் யாருகிட்ட போயி சொல்லப்போறேன். உன்ன நான் காட்டிக் குட்த்தனா?"

உன் தம்பி டீயோடு வந்தான், குடித்தோம். தாளை நீ திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் போன் வந்தது.

வேலையா, நீயா என்று வந்தபோது வேலையைப் பிடித்துக்கொண்டேன் என்று நாற்பத்தைந்து வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பாவம், குழந்தைக்காரி, என்ன செய்வாள் என்று எனக்கு நானே பரிதாபமும் பட்டுக்கொண்டேன். அன்று கொக்கிலமேட்டு மணல் பாதையில் உன்னோடு கொஞ்ச தூரம் நடந்துவந்து, நீ சரியாகத்தான் அடித்தாய் என்று காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் வேலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உன் வேலை எப்படியும் போயிருக்கும். உன் கை உனக்கு மிஞ்சியிருக்கும். நீ கேட்கிற வரையில் இது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோர் முன்னாலும் நீ எனக்காகப் பொய் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, அப்படிப்பட்டவளை நம்பி ஒரு ரகசியம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.